பிஎஸ்5 + பழைய 5.1 ரிசீவர்: படம் சரியா வந்தா சத்தம் இல்ல, சத்தம் சரியா வந்தா படம் இல்ல

#1 இரவுப்பறவை

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். இனி என்னால ஆகாதுன்னு இங்க வந்துட்டேன்.

என்கிட்ட இருக்கிறது: பிஎஸ்5 கேம் கன்சோல், 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 தடவை படம் மாறும்) 4கே டிவி, ஏழு வருஷப் பழைய 5.1 ஏவி ரிசீவர் (படத்தை டிவிக்குக் கடத்தி, சத்தத்தை அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரிச்சுத் தர்ற பெட்டி). ரிசீவர் 4கே 60 வரைக்கும் கடத்தும்னு கையேட்டுல இருக்கு. ஆர்க் (டிவிக்கு வந்த சத்தத்தை அதே ஹெச்டிஎம்ஐ கேபிள்ல ரிசீவருக்குத் திருப்பி அனுப்புற வழி) உண்டு, அதோட புது வடிவமான ஈ-ஆர்க் கிடையாது. ரிசீவரும் கன்சோலும் பக்கவாட்டு அலமாரியில இருக்கு. அங்கிருந்து டிவிக்கு சுவருக்குள்ள ஒரு 8 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் ஓடுது.

முதல்ல கன்சோலை ரிசீவர்ல சொருகி, ரிசீவர்லேர்ந்து டிவிக்குக் கொடுத்தேன். சத்தம் அபாரம். பின்னால காலடிச் சத்தம் கேட்டு நிஜமாவே திரும்பிப் பார்த்தேன். ஆனா 120 ஹெர்ட்ஸும் விஆர்ஆரும் (ஆட்டத்தோட வேகத்துக்கேத்தபடி திரை தன் வேகத்தை மாத்திக்கிறது) கிடைக்கவே மாட்டேங்குது. போதாததுக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை ரெண்டு மூணு விநாடி கறுத்துப்போய்த் திரும்ப வருது. ஹெச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் நுணுக்கமா வர்ற படம்) ஆட்டம்னா இன்னும் அடிக்கடி.

சரின்னு கன்சோலைத் தூக்கி டிவி பக்கத்துல வெச்சு நேரா டிவியில போட்டேன். 120 வந்துடுச்சு, கறுப்பு அடிக்கலை. ஆனா பின் ஸ்பீக்கர் ரெண்டும் மூச்சு விடலை. நடு ஸ்பீக்கரும்தான்.

எந்த வழியில போனாலும் பாதி காணோம். என்ன பண்ணலாம்?

#2 மூணாவது_கை

புது ரிசீவர் வாங்குங்க. ஹெச்டிஎம்ஐ 2.1 உள்ளது. கதை முடிஞ்சது. உங்களது மாதிரி 2.0 ரிசீவர்ல 18 ஜிபிபிஎஸ்தான் (விநாடிக்கு 18 ஜிகாபிட்) போகும். பிஎஸ்5 4கே 120-ல அனுப்புறதே 32 ஜிபிபிஎஸ் வரைக்கும். அரை அங்குலக் குழாயில ஏரித் தண்ணியை விடப் பார்க்கிறீங்க.

#3 வால்வு_ஆம்ப்

வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். இரவுப்பறவை, ஒரே ஒரு கேள்வி. டிவி வழியாகச் சத்தம் வரும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது?

#4 இரவுப்பறவை

பிஎஸ்5 மெனுவுல 5.1-னுதான் வெச்சிருக்கேன் ஐயா. டிவியிலயும் சத்தம் ஆர்க் வழியாப் போகணும்னு கொடுத்திருக்கேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு.

#5 வால்வு_ஆம்ப்

மெனுவைக் கேட்கவில்லை தம்பி. மெனு நீங்கள் கேட்டதைச் சொல்லும். முகப்பு, வந்து சேர்ந்ததைச் சொல்லும்.

#6 வயர்மேன்

கறுப்பு அடிக்கிற விஷயத்துக்கு நான் வரேன், சத்தத்தை ஐயா பார்த்துக்குவார்.

சந்தேகமே வேண்டாம், அது சுவருக்குள்ள இருக்கிற கேபிள். எப்பப் போட்டது? 1080 காலத்துல போட்டிருப்பீங்க. 1080 60-க்கு சுமார் 4.5 ஜிபிபிஎஸ் போதும், அதுக்கு எந்தக் கேபிளும் தாங்கும். 4கே 60 ஹெச்டிஆரை பிஎஸ்5 ஒய்யூவி 422-ல (நிறத் தகவலைப் பாதியாக் குறைச்சு அனுப்புற முறை) அனுப்பும்போது கிட்டத்தட்ட 18 முழுசும் ஓடும். 8 மீட்டர் வெறும் செம்புக் கம்பிக்கு அது எல்லைக்கோடு. எல்லையில நிக்கிற கேபிள் மொத்தமாச் செத்துப்போகாது, அப்பப்ப மயங்கி விழும். சிக்னல் அறுந்து, டிவியும் கன்சோலும் மறுபடி கைகுலுக்கி, படம் வர அந்த ரெண்டு மூணு விநாடி ஆகுது.

நிரூபிக்கணுமா? பிஎஸ்5 அமைப்புகள், திரை மற்றும் வீடியோ, அதுக்குள்ள 4கே பரிமாற்ற வேகம்னு ஒண்ணு இருக்கும். தானியங்கியில இருக்கும். அதை -2-ன்னு வைங்க. நிறத் தகவலை 420-ஆக் குறைச்சுடும், ஹெச்டிஆரோட சேர்த்தே 11 ஜிபிபிஎஸ் சொச்சம்தான் ஓடும். ரெண்டு மணி நேரம் விளையாடுங்க. கறுப்பு அடிக்கலைன்னா குற்றவாளி கேபிள்தான்.

#7 இரட்டையர்_அம்மா

நடுவுல வரேன், மன்னிக்கணும். எங்க வீட்ல நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல். பழசுதான், 2 இல்ல. டிவியில சொருகி ஆர்க் வழியா ரிசீவருக்குப் போகுது. இதே கதைதான், முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசுது. ஸ்விட்ச்ல சரவுண்ட்னு போட்டிருக்கேன். ரிசீவர் முகப்புல "பிசிஎம் 2.0"-ன்னு இருக்கு (ஐயா கேக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்!).

#8 வால்வு_ஆம்ப்

அம்மா, நீங்கள் பதிலையே கொண்டுவந்துவிட்டீர்கள். இரவுப்பறவைக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆர்க் 2009-இல் ஹெச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. பழைய ஆப்டிகல் கேபிள் எதைத் தாங்கியதோ, ஏறக்குறைய அதையேதான் இதுவும் தாங்கும்: இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி), அல்லது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போலச் சுருக்கிய 5.1. சுருக்காத 5.1 இதில் ஏறாது. கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், ஆறு சேனல். 4.6 மெகாபிட். டால்பி டிஜிட்டலில் அதே ஆறு சேனலும் அதிகபட்சம் 0.64 மெகாபிட்டில் அடங்கிவிடும்.

இப்போது கன்சோலின் பக்கம் வாருங்கள். படத்தட்டில் ஒலி முன்பே சுருக்கித் தயாராக இருக்கும். ஆட்டத்தில் நீங்கள் திரும்பும் திசைக்கேற்ப ஒலி அந்தந்த நொடியில் பிறக்கிறது. ஆகவே கன்சோல் இயல்பாகத் தருவது பிசிஎம். பிஎஸ்5 வேண்டுமானால் அதை டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ மாற்றித் தரும். ஸ்விட்சுக்கு அந்த வசதியே இல்லை, 5.1 என்றால் பிசிஎம் 5.1 மட்டுமே. அதனால் அம்மா, சாதாரண ஆர்க் வழியாக உங்களுக்குப் பின் ஸ்பீக்கர் பேசாது. ஸ்விட்சின் டாக்கை (டிவியோடு இணைக்கும் தாங்கியை) நேராக ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டில் சொருகுங்கள். அது 1080 60-ஐத் தாண்டாது. எவ்வளவு பழைய ரிசீவரும் அதைச் சுமக்கும்.

#9 இரட்டையர்_அம்மா

சொருகியாச்சு. முகப்புல "மல்டி சேனல்"-னு வந்துடுச்சு. ரெண்டும் ஓடிவந்து பின் ஸ்பீக்கர்ல காதை வெச்சுக்கிட்டு நிக்குதுங்க, யாரும் ஆட்டத்தை விளையாடலை. ரொம்ப நன்றி ஐயா.

#10 இரவுப்பறவை

வயர்மேன் அண்ணா, -2 வெச்சு நேத்து ராத்திரி மூணு மணி நேரம் விளையாடினேன். ஒரு தடவைகூடக் கறுக்கலை. தானியங்கிக்கு மாத்தினேன், இருபது நிமிஷத்துல கறுத்துச்சு. நீங்க சொன்னது சரி. ஆனா சுவரை உடைக்கணுமா இப்போ?

வால்வு ஐயா, தப்புதான், இப்பப் பார்த்தேன். டிவி வழியா வரும்போது "பிசிஎம் 2.0". கன்சோல்ல டால்பின்னு மாத்தினேன், "டால்பி டி" ஆயிடுச்சு, அஞ்சு ஸ்பீக்கரும் பேசுது! ஆனா வேற ஒரு குறை. குண்டு சுட்ட அப்புறம்தான் டுமீல் கேக்குது. ரொம்ப இல்ல, கண்ணு ஒண்ணு சொல்லி முடிச்சதும் காது சொல்ற மாதிரி. முதல்ல மனப்பிரமைன்னு நினைச்சேன். தம்பியை உக்கார வெச்சேன், அவனும் அதையே சொன்னான்.

#11 வால்வு_ஆம்ப்

பிரமை இல்லை. கன்சோல் ஒலியைச் சேர்த்துச் சுருக்க ஒரு நேரம், டிவி கைமாற்ற ஒரு நேரம், ரிசீவர் விரிக்க ஒரு நேரம். படம் பார்க்கும்போது டிவி படத்தையும் தாமதித்துச் சமன் செய்துவிடும். கேம் மோடில் (டிவி படத்தை மெருகேற்றாமல் உடனே காட்டும் அமைப்பு) படம் சில மில்லிவிநாடியில் திரைக்கு வந்துவிடுவதால் ஒலி பின்தங்கியது பளிச்சென்று தெரிகிறது. ரிசீவரில் "லிப் சிங்க்" என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது ஒலியை இன்னும் தாமதப்படுத்தத்தான் உதவும், முந்தித் தள்ள அதனால் ஆகாது. இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள்.

கேம் மோடை அணைத்து ஒலிக்கும் படத்துக்கும் பொருத்தம் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொருத்தம் வரும், ஆனால் பொத்தானை அமுக்கியதற்கும் வாள் வீசுவதற்கும் நடுவில் ஒரு கொட்டாவி விடலாம்.

#12 மூணாவது_கை

அதான் சொன்னேனே, புது ரிசீவர். பிசிஎம்-ஆவே போகும், தாமதம் கிடையாது. 2023-லேர்ந்து பிஎஸ்5-லயும் அட்மாஸ் வருது, அதுவும் கிடைக்கும்.

#13 வால்வு_ஆம்ப்

அவரிடம் இருப்பது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. அட்மாஸ் வந்து எங்கே உட்காரும்?

#14 மூணாவது_கை

சரி, அட்மாஸை விடுங்க. 120-ம் விஆர்ஆரும்? நான் 2.1 ரிசீவர்தான் வெச்சிருக்கேன், ஏன்னு சொல்றேன். என்கிட்ட பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டும் இருக்கு. என் டிவியில நாலு ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் 4கே 120 தாங்குறது ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணுதான் ஈ-ஆர்க் போர்ட். சவுண்ட்பாரோ ரிசீவரோ அதுல ஏறிட்டா மிச்சம் ஒண்ணு. ரெண்டு கன்சோலும் அதுக்கு அடிச்சுக்கும். 2.1 ரிசீவர்னா ரெண்டையும் அதுலயே சொருகிடலாம். இதை டிவி வாங்குறப்ப ஒருத்தரும் சொல்றதில்லை, பெட்டி மேல "4 ஹெச்டிஎம்ஐ"-ன்னு மட்டும் பெருசா இருக்கும்.

ஆனா ஒண்ணு, பழைய ஸ்டாக் 2.1 ரிசீவர் எடுக்கிறவங்க ஜாக்கிரதை. 2020 கடைசியில வந்த முதல் தலைமுறையில சிலதுக்குள்ள இருந்த ஹெச்டிஎம்ஐ சில்லுல கோளாறு. சீரிஸ் எக்ஸ் 4கே 120-ல அனுப்பினா திரை வெறும் கறுப்பு. அப்ப நிறையப் பேர் கேபிளைத்தான் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

#15 இரவுப்பறவை

எனக்கு ஒரே கன்சோல்தான். அப்போ 120 எனக்கு அவ்வளவு அவசியமா? நான் விளையாடுறதெல்லாம் கதை ஆட்டங்கள்தான். துப்பாக்கிப் போட்டி எதுவும் இல்ல.

#16 மூணாவது_கை

கதை ஆட்டத்துக்குத்தான் அவசியம்! பல ஆட்டத்துல இப்ப 40 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 40 ஃபிரேம்) மோடு வருது. 30-ல ஒரு ஃபிரேம் 33.3 மில்லிவிநாடி நிக்கும், 60-ல 16.7. 40-ல 25, ரெண்டுக்கும் சரியா நட்ட நடு. எண்ணிக்கையில 40 வந்து 30-க்குப் பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியும், கண்ணுக்குப் பாதி வழி வந்த மாதிரி இருக்கும். படத்தோட நுணுக்கமும் அவ்வளவாக் குறையாது. ஆனா 60 ஹெர்ட்ஸ் திரையில 40 சமமா வகுபடாது. 120-ஐ 40-ஆல வகுத்தா 3, ஒவ்வொரு ஃபிரேமும் மூணு தடவை நின்னுட்டுப் போகும், தடங்கலே இல்ல. அதனால டிவி 120-ல இருந்தாத்தான் அந்த மோடே பெரும்பாலும் வேலை செய்யும்.

#17 வால்வு_ஆம்ப்

இதில் அவர் சொல்வது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். நான் 120 என்பதைப் போட்டியாளர்களின் ஆடம்பரம் என்றே நினைத்திருந்தேன். மருமகன் வீட்டில் 40-ஐப் பார்த்தபிறகுதான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ரிசீவரை மாற்ற இன்னும் காரணம் கிடைக்கவில்லை. ஏழு வருடத்தில் ஆம்ப்ளிஃபயர் கிழடாகாது, ஹெச்டிஎம்ஐ பலகைதான் கிழடாகும். இரவுப்பறவை, உங்கள் டிவியில் ஈ-ஆர்க் இருக்கிறதா?

#18 இரவுப்பறவை

டிவியில இருக்கு ஐயா. ரிசீவர்லதான் இல்ல. ஹெச்டிஎம்ஐ 3.

#19 வயர்மேன்

அப்போ வழி இருக்கு! ஈ-ஆர்க் பிரிப்பான்னு ஒரு சின்னப் பெட்டி வருது. டிவியோட ஈ-ஆர்க் போர்ட்டை ஒரு பக்கம் எடுத்துக்கும். மறுபக்கம் சாதாரண ஹெச்டிஎம்ஐ-யாத் தரும். அதை ரிசீவரோட ஏதாவது ஒரு உள்ளீட்டுல சொருகிட்டா, ரிசீவர் தனக்கு ஒரு பிளேயர் மாட்டியிருக்குன்னு நினைச்சுக்கும். ஈ-ஆர்க் 37 மெகாபிட் வரைக்கும் தாங்கும், ஐயா சொன்ன 4.6 அதுல ஒரு மூலைக்குக் காணாது. வாங்குறப்ப "பல சேனல் பிசிஎம் தரும்"னு எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க, சிலது ரெண்டு சேனலோட நின்னுடும்.

இன்னொரு சந்தோஷம்: சுவரை உடைக்க வேண்டாம். கன்சோல் டிவிக்குப் பக்கத்துல வந்துட்டா படம் ரெண்டு மீட்டர் புதுக் கேபிள்ல போயிடும். அதுக்கு "அல்ட்ரா ஹை ஸ்பீட்" முத்திரை உள்ளதா எடுங்க, கன்சோலோட பெட்டியில வந்ததே போதும். சுவருக்குள்ள இருக்கிறது இனி சத்தத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவரும். ஈ-ஆர்க் படம் போற கம்பிகளைத் தொடுறதே இல்ல, தனி ஜோடியில போகும். ஈதர்நெட் உள்ள ஹை ஸ்பீட் கேபிளா இருந்தா பழசே போதும். கேபிள் உறை மேல பொடி எழுத்துல அச்சடிச்சிருப்பான், டார்ச் அடிச்சுப் பாருங்க.

#20 இரவுப்பறவை

பார்த்துட்டேன், "ஈதர்நெட் உள்ள ஹை ஸ்பீட்"-னுதான் இருக்கு. பெட்டிக்குச் சொல்லியாச்சு. வந்ததும் எழுதுறேன்.

#21 புதுவரவு_77

இதே இழையில கேக்கலாமா? எனக்கு சத்தம் எல்லாம் சரி. ரிசீவர் வழியாக் கொடுத்தா இருட்டுக் காட்சியில ஒண்ணுமே தெரியலை, கறுப்பு எல்லாம் ஒரே தாரா இருக்கு. டிவியில நேராப் போட்டா தெரியுது.

#22 வயர்மேன்

ஆர்ஜிபி வரம்பு, அதாவது கறுப்புலேர்ந்து வெள்ளை வரைக்குமான எண் அளவு. கன்சோல் முழு வரம்புல 0 முதல் 255 வரை அனுப்புது, டிவி 16 முதல் 235 வரைன்னு நினைச்சு வாங்கிக்குது. 16-க்குக் கீழ இருக்கிறதெல்லாம் அதுக்குக் கறுப்பு. தலைகீழா நடந்தா வெளிறிப்போய்ச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கன்சோல்ல ஆர்ஜிபி வரம்பைத் தானியங்கியிலேர்ந்து "வரையறுக்கப்பட்டது"-க்கு மாத்தி, டிவியில அந்த உள்ளீட்டோட கறுப்பு நிலையையும் அதே மாதிரி வைங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா எதுல இருந்தாலும் படம் ஒண்ணுதான். அதோட ரிசீவர்ல படத்தை மெருகேத்துற செட்டிங் எதாவது இருந்தா எல்லாத்தையும் அணைச்சுடுங்க, அது கடத்தினாப் போதும்.

#23 புதுவரவு_77

வந்துடுச்சு!! குகைக்குள்ள இவ்வளவு சாமான் இருந்துச்சா!

#24 இரவுப்பறவை

பெட்டி வந்துச்சு, மாட்டிட்டேன். கன்சோல் இப்ப ஹெச்டிஎம்ஐ 4-ல. படம் 4கே 120 ஹெச்டிஆர், விஆர்ஆர் ஆன். கன்சோலோட வீடியோ தகவல் பக்கத்துல ஒய்யூவி 422-ன்னு காட்டுது, அது சரிதானே? ஆனா சத்தம்... நீங்க கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன் ஐயா, முகப்புல "பிசிஎம் 2.0". அழுகை வருது.

#25 வயர்மேன்

422 சரிதான். 120 ஹெச்டிஆர்ல அந்த 32-க்குள்ள அடங்க அப்படித்தான் அனுப்பும். டிவியில டிஜிட்டல் ஒலி வெளியீடு "பாஸ் த்ரூ"-ல (சத்தத்தை மாத்தாம அப்படியே கடத்துறது) இருக்கா? ஈ-ஆர்க் தனியா ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆனா?

#26 இரவுப்பறவை

ரெண்டும் ஆன். இப்பத்தான் திரும்பப் பார்த்தேன்.

#27 வால்வு_ஆம்ப்

கன்சோலில் ஒலி வெளியீட்டுக்குள் ஹெச்டிஎம்ஐ சாதன வகை என்று ஒன்று இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்?

#28 இரவுப்பறவை

டிவி. பெட்டி வந்ததும் ஒலி அமைப்பை முதல்லேர்ந்து வெச்சேன், டிவியிலதானே சொருகியிருக்கேன்?

#29 வால்வு_ஆம்ப்

அது கேபிள் எங்கே போகிறது என்று கேட்கவில்லை, சத்தம் எங்கே முடிகிறது என்று கேட்கிறது. டிவி என்று சொன்னால் டிவிக்கு இருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கு ஏற்பத்தான் தரும். ஏவி ஆம்ப்ளிஃபயர் என்று மாற்றுங்கள், 5.1 என்று கொடுங்கள், முன்னுரிமையை லீனியர் பிசிஎம்முக்குத் திருப்புங்கள். டால்பி இனி வேண்டாம்.

#30 இரவுப்பறவை

"மல்டி சேனல்"!!!

அருவி இருக்கிற ஒரு இடத்துக்குப் போய்ச் சும்மா நின்னு கேமராவை மட்டும் சுத்தினேன். தண்ணிச் சத்தம் இடது முன்னாலேர்ந்து முதுகைச் சுத்தி வலப்பக்கம் வந்துச்சு. சுட்டதும் டுமீல். மணி ரெண்டு, சப்வூஃபர் அதிர்ந்து பக்கத்து ரூம்லேர்ந்து சுவத்துல தட்டினாங்க.

#31 வயர்மேன்

ரிசீவர்ல "நைட் மோடு" இருக்கும், அதைப் போடுங்க. இடி முழக்கம் அடங்கும், பேச்சு கேக்கும். சில ரிசீவர்ல அது டால்பிக்கு மட்டும்தான் வேலை செய்யும், அப்படின்னா சப்வூஃபரை மட்டும் குறைச்சுக்குங்க.

ஹெச்டிஆர் அளவீட்டையும் ஒரு தடவை திரும்பப் பண்ணிடுங்க. போர்ட் மாறியிருக்கு, டிவி அந்த உள்ளீட்டுக்குப் பழைய செட்டிங்கைத் தூக்கிட்டு வந்திருக்காது. முதல்ல டிவியில ஹெச்ஜிஐஜி (டிவி தன் பங்குக்கு வெளிச்சத்தை மாத்தாம விடுற ஹெச்டிஆர் அமைப்பு) இருந்தா அதைப் போட்டுட்டு, அப்புறம் கன்சோலோட மூணு திரையையும் ஓட்டுங்க. குறி மங்கி மறையப் போற இடத்துல நிறுத்தணும்.

#32 மூணாவது_கை

ரெண்டாவது கன்சோல் வாங்குற அன்னிக்கு இங்கதான் வருவீங்க.

#33 இரவுப்பறவை

அன்னிக்குப் பார்த்துக்கலாம் அண்ணே. இப்போதைக்கு ஒரே ஒரு பிரச்சினைதான்: டிவியை அணைச்சா கன்சோல் தூங்குது, ரிசீவர் மட்டும் விடிய விடிய முழிச்சிருக்கு.

#34 வால்வு_ஆம்ப்

சிஇசி: ஒன்றை அணைத்தால் மற்றதையும் அணைக்கச் சொல்லும் ஹெச்டிஎம்ஐ கட்டளை. நடுவில் இருக்கும் பெட்டி அந்தக் கட்டளையைக் கடத்தவில்லை போலிருக்கிறது. ரிசீவரில் "சிக்னல் இல்லையெனில் தானாக அணை" என்று ஒன்று இருக்கும், இருபது நிமிடம் வையுங்கள். அதன் முகப்பில் இப்போது என்ன எழுதியிருக்கிறது?

#35 இரவுப்பறவை

"நோ சிக்னல்", ஐயா.